கையால் கொடுக்காத அக்கா

"யாரோ எடுத்துட்டாங்கப்பா" என்று அந்த அக்கா சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். பொருள் காணாமல் போனவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். இவர் முகமோ மகளுக்கு வரன் திகைந்த வீட்டு முகம் மாதிரி இருக்கும்.

"சுவத்து மேல நாலு முருங்கைக்காய் வெச்சிருந்தேன், காணோம். பூசணிக்காயைப் பாதியா அறுத்து வாசல்ல வெச்சேன், அதையும் காணோம். இந்தத் தெருவுல திருட்டு ஜாஸ்தியாயிடுச்சு டெய்லரே."

"பூசணிக்காயை எதுக்கு அக்கா வாசல்ல வெச்சீங்க?"

"உள்ள வெச்சா யாரு எடுப்பாங்க?"

சிரிக்காமல் சொல்லுவார். எனக்குத்தான் கத்தரிக்கோல் கை நழுவும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. கடலூரை ஒட்டிய செம்மண்டலத்தில் வீடுகள் இங்கொன்றும் அங்கொன்றுமாக இருந்த காலம். ரோட்டை ஒட்டிக் கீற்றுக் கொட்டகை போட்டு, ஒரு மெஷினும் ஒரு பெஞ்சும் வைத்து நான் தையல் கடை நடத்திக்கொண்டிருந்தேன். வீடு கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில், துறைமுகத்துப் பக்கம். தினமும் சைக்கிள். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்துபோனது. அளவு வெட்டுவதற்கு வாங்கிய பழைய செய்தித்தாள்களை எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்துத்தான் மிச்சத்தைக் கற்றேன். அதைவிட அதிகமாகக் கற்றது பெஞ்சில் வந்து உட்கார்ந்தவர்களின் வாயிலிருந்து. நல்ல பேச்சு ஒன்று காதில் விழுந்தால் அன்றைக்கு முழுக்க அதை மெல்லுவேன். அந்த அக்காவின் பேச்சை மென்றது போல வேறு யார் பேச்சையும் மென்றதில்லை.

எங்கள் வீட்டு விஷயம் ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். தையல்காரன் என்றால் துணியில் கை வைப்பான் என்று ஊரில் ஒரு நினைப்பு உண்டு. என் அப்பாவும் தையல்காரர்தான். ஒரு கல்யாண வீட்டில், பட்டில் ஒரு கஜம் குறைகிறது என்று பந்தி நடுவே அவரை நிறுத்திக் கேட்டுவிட்டார்கள். துணி மறுநாள் அவர்கள் பெட்டியிலேயே கிடைத்தது. ஆனால் பந்தியில் இருந்தவர்களை மறுபடி கூட்டிவர முடியுமா? அப்பா அதற்குப் பிறகு விசேஷ வீடு எதற்கும் போகவில்லை. அதனால் நான் விரல் அகலத் துண்டானாலும் சேர்த்து, நூலால் கட்டி, தைத்த துணியோடு திருப்பிக் கொடுத்துவிடுவேன். "இந்தக் கந்தலை எதுக்குப்பா குடுக்கற?" என்று பலர் கேலி செய்வார்கள். நான் விட்டதில்லை.

அக்கா முதல்முறை கடைக்கு வந்தது தலையணை தைக்க. நைந்து மெத்தென்று ஆகிவிட்ட பழைய புடவை ஒன்று, ஒரு மூட்டை காய்ந்த இலை. முழங்கையளவு தலையணை நான்கு வேண்டும், பஞ்சோடு இந்த இலையையும் கலந்து அடைத்துத் தர வேண்டும் என்றார். மூட்டையை அவிழ்த்ததும் கொட்டகை முழுக்க ஒரு வாசனை. கற்பூரம் மாதிரி, எலுமிச்சைத் தோல் மாதிரி, அடியில் கொஞ்சம் கசப்பு. மூக்கு வழியாகப் போய் நெற்றியைத் திறந்துவிடுகிற வாசனை.

"என்ன எலை அக்கா இது?"

"மாசிபத்திரி. மலையிலேர்ந்து எறங்கி வந்தது, என்னை மாதிரி."

சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டத்துப் பங்களாவில் பன்னிரண்டு வயதிலிருந்து ஆயா வேலை பார்த்தவர். கரண்டு ஆபீசில் வேலையாக இருந்த ஒருவர் கட்டிக்கொண்டு கடலூருக்கு அழைத்து வந்தார். நான் பழகிய காலத்தில் அவர் உயிரோடு இல்லை. அக்காவும் ஒரே மகனும் மட்டும். "கீழ வந்த புதுசுல எனக்கு மூச்சே முட்டுச்சு. இந்தச் செடிக்கும் அப்படித்தானே இருக்கும்னு நெழல் பாத்து வெச்சேன்" என்பார்.

கிணற்றுக்கு வடக்கே, முருங்கை நிழலில், இடுப்புயரத்துக்குப் புதராக நின்றது அந்தச் செடி. காலை வெயில் மட்டும் படும் இடம். இலை மேலே கரும்பச்சை, திருப்பினால் சாம்பல் பூசியது போல் வெள்ளை. காற்றடித்தால் செடி முழுக்க ஒரு நொடி வெளுத்துப் பிறகு பச்சையாகும். கோடையில் நனைத்த சாக்கைக் கூரை மாதிரிக் கட்டிவிடுவார். பூ எடுப்பதற்கு முன்னால் நுனியைக் கிள்ளிவிடுவார். பூத்துவிட்டால் இலையில் சாரம் போய்விடுமாம். கிள்ளியதை முறத்தில் பரப்பி நிழலில் காய வைப்பார். வெயிலில் போட்டால் வாசனையைச் சூரியன் குடித்துவிடும் என்பது அவர் கணக்கு. தலைவலிக்கு நெற்றியில் அரைத்துப் போட, சளிக்கு ஆவி பிடிக்க, துணிப்பெட்டியில் பூச்சி அண்டாமலிருக்க, தூக்கம் வராதவர்களுக்குத் தலையணையில் என்று எல்லாவற்றுக்கும் அந்த இலைதான். ஒரே ஒரு கட்டுப்பாடு. வயிற்றில் பிள்ளை இருக்கிறவர்களை மட்டும் அந்தப் பக்கமே வரவிட மாட்டார்.

என் மனைவிக்கு இழுப்பு. பனி இறங்கினால் மார்பில் பூனை கத்தும். ஆசுபத்திரி மாத்திரையில் பாதி நாள் ஓடும், மீதி நாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். இதை அக்காவிடம் நான் சொன்னதாகக்கூட ஞாபகம் இல்லை. யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் பெஞ்சில் இருந்திருக்க வேண்டும். எழுந்து போன பிறகு பார்த்தால் பெஞ்சில் ஒரு பொட்டலம். சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

"அக்கா, பொட்டலத்தை விட்டுட்டுப் போறீங்க."

திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னுதா? ஞாபகம் இல்லையே. உங்க வீட்டுல யாருக்காவது இழுப்பு கிழுப்பு இருந்தா வெந்நீர்ல போட்டு ஆவி பிடிக்கச் சொல்லுங்க. இல்லாட்டி தூக்கிப் போடுங்க."

அன்றைக்கு ஆவி பிடித்துவிட்டு என் மனைவி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். நோய் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். மூச்சு இறங்கியது, அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' எங்களுக்கு எவ்வளவு பெரியது என்று இழுப்புக்காரர் வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அக்கா வாரம் தவறாமல் பொட்டலத்தை மறக்க ஆரம்பித்தார்.

என் மனைவிதான் ஒரு நாள் சொன்னாள்: "அவுங்க என்ன கடையா வெச்சிருக்காங்க, வாராவாரம் பொட்டலம் மடிக்க? ஒரு கன்னு கேட்டு வாங்கிட்டு வாங்க மாமா. கொல்லையில வெச்சுக்கறேன்."

கேட்டேன். அதுவரைக்கும் என்னிடம் முகம் சுளித்தே இராதவர், பாம்பைக் கண்டது போலப் பார்த்தார்.

"கேட்டுட்டீங்களே டெய்லரே" என்றார். "கேக்காம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

பிறகு உட்கார்ந்து அந்தக் கதையைச் சொன்னார். பங்களாவின் பின்பக்கம் இந்தச் செடி வரிசையாக நின்றதாம். தோட்டக்காரர் ஒரு கடுகடுப்பான மனிதர். ஒரு இலை கிள்ளினாலும் கண்டுபிடித்துவிடுவார். கல்யாணமாகி மலையிறங்குகிற அன்று அக்கா தகரப்பெட்டியோடு வந்து செடி பக்கத்தில் நின்றிருக்கிறார். வாயைத் திறந்து கேட்கப் பயம். தோட்டக்காரர் அவரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். அந்தப் பக்கம் திரும்பிச் சுவரைப் பார்க்கக் குந்திக்கொண்டு ஒரு பீடி பற்ற வைத்தார்.

"எனக்கு ஒரு பீடி நேரமே போதும். அந்த மனுசன் ரெண்டு பீடி குடிச்சாரு" என்றார் அக்கா. "கையில எடுத்துக் குடுத்திருந்தா ஒரு கும்பிடு போட்டுட்டு வந்திருப்பேன், மறந்தும் போயிருப்பேன். துரைசானி எவ்வளவோ குடுத்திருக்காங்க. பழைய கவுனு, ஒடஞ்ச பொம்மை. குடுத்துட்டு என் மூஞ்சியவே பாப்பாங்க, சந்தோசம் வருதா வருதான்னு. நானும் வர வெச்சிக் காட்டணும். கை நீட்டறவங்க மூஞ்சிய அப்படிப் பாக்கற வேலை எனக்கு வேணாம்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

இன்னொன்றும் சொன்னார். "செடிக்கும் அப்படித்தான். குடுத்த செடி, குடுத்தவங்க வாசலையே பாத்துட்டு நிக்கும். திருடின செடிக்குத் திரும்பிப் போக வழி இல்ல. வேர் விட்டுத்தானே ஆவணும்?"

அவர் என்ன சொல்ல வருகிறார் என்று எனக்குப் புரியாமல் இல்லை. திருடிக்கொள்ளச் சொல்கிறார். எனக்கு என் அப்பா நின்ற பந்தி ஞாபகம் வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ரவிக்கை கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். படல் அகலத் திறந்து கிடந்தது. செடியடியில் ஒரு பக்கக்கன்றைச் சுற்றி மண்ணைக் கிளறி இளக்கி வைத்திருந்தார். பக்கத்தில் களைக்கொட்டு. அதன் பக்கத்தில் ஈரச் சாக்குத் துண்டு, கன்றை வைத்து எடுத்துப்போக ஒரு தேங்காய்ச் சிரட்டை. அடுப்படியில் பாத்திரங்கள் உருளுகிற சத்தம். நான் இங்கே இருக்கிறேன், அங்கே பார்க்கவில்லை என்று தெரிவிக்கிற சத்தம் அது. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? படலை இழுத்துச் சாத்தினேன். கயிற்றை மாட்டினேன். "அக்கா, கதவு தெறந்து கெடக்குது. ஆடு மாடு வந்துடப் போவுது" என்று குரல் கொடுத்தேன்.

பாத்திரச் சத்தம் நின்றது. அக்கா வெளியே வந்தார்.

"மூடிட்டீங்களா?"

"மூடிட்டேங்க்கா."

"நல்ல மனுசன் போங்க."

அதைவிடப் பெரிய வசவு அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

மறு மாதம் கடைக்கு வந்து, யாரோ கேட்டது போல, "நாளைக்கு ஜோதி பாக்க வடலூர் போறேன். பொழுது சாஞ்சுதான் வருவேன். படலுக்குக் கயிறுகூட இல்ல, அறுந்துபோச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் எதிர்த்த டீக்கடைக்காரரிடம் அன்றைக்கு முழுக்க அந்த வீட்டின் மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவரும் யோக்கியர், வேலியோரம் நின்ற ஒரு கன்றுக்குட்டியைக்கூட விரட்டிவிட்டார். அக்கா திரும்பி வந்து இதைக் கேள்விப்பட்டு, என் கடைப் பக்கமே பத்து நாள் வரவில்லை. பொட்டலம் மட்டும் பெஞ்சில் இருந்தது. எப்போது வந்து வைத்தார் என்று தெரியவில்லை.

இரண்டு வீம்பு மோதினால் நடுவில் நிற்பவர்தான் நசுங்குவார். நடுவில் நின்றது என் மனைவி. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

தை மாதம் அக்காவின் மகனுக்குக் கல்யாணம் ஆன கையோடு சிதம்பரத்தில் ரயில்வே வேலை. வீட்டைக் காலி செய்துகொண்டு கிளம்பினார்கள். பாதியாக அறுத்த பீப்பாயில் மண்ணோடு செடியை ஏற்றி வண்டியில் வைத்தாயிற்று. நான் என் மனைவியைச் சைக்கிள் கேரியரில் வைத்து, அந்தப் பனியில் ஓ.டி.யிலிருந்து மிதித்துக்கொண்டு வந்தேன். அவள் இறங்கி வேலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"அக்கா, உங்க கையால ஒரு கன்னு குடுங்க" என்றேன். "திருட்டுங்கற பேரு எங்க குடும்பத்துக்கு வெளையாட்டுக்குக்கூட வேணாம்."

வண்டிக்காரர் காத்திருந்தார். அக்கா என்னைப் பார்க்கவில்லை, என் மனைவியின் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தார். பிறகு பீப்பாய்ப் பக்கம் குனிந்து, ஒரு பக்கக்கன்றை வேரோடு எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றி, அவள் உள்ளங்கையில் வைத்தார். வைக்கும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். 

"வாழட்டும்" என்றார். வண்டி போய்விட்டது.

வாழவில்லை. குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தோம். கொல்லையில் நிழலான இடம், காலையும் மாலையும் கிணற்றுத் தண்ணீர், மேலே சாக்கு. பத்தாம் நாள் இலையோரம் கருகியது. பதினெட்டாம் நாள் தொட்டபோது தண்டு குச்சி மாதிரி முறிந்தது.

"போய்ச் சொல்லிடுங்க மாமா. சொன்னா இன்னொண்ணு தருவாங்க" என்றாள் என் மனைவி.

அவள் பிறந்த வீடு சிதம்பரம். மாதம் ஒரு முறை நாங்கள் அங்கே போவது வழக்கம். மாசியில் போனபோது, சொல்லிவிடுவது என்றுதான் அக்கா வீட்டுக்கு நடந்தேன். ரயிலடிக்குப் பின்னால் மகன் வாடகைக்கு எடுத்த வீடு. என்னைக் கண்டதும் வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு, "உசிரோட இருக்குதா?" என்றார்.

அந்தக் கண்ணை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கட்டாயப்படுத்திக் கொடுக்க வைத்தவன் நான். செத்துவிட்டது என்றால், கொடுத்ததால் செத்தது என்றுதானே எடுத்துக்கொள்வார்? என் நாக்கு என்னைக் கேட்காமல் புரண்டது.

"இருக்குது அக்கா. தளிர் விட்டிருக்குது."

நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "குடுத்துமா?"

"குடுத்தும்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் ஏதோ தர்மம் செய்தவன் போல வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகு அந்தச் செடி என் வாயில் நன்றாக வளர்ந்தது. பங்குனியில் முழங்கால் உயரம் என்றேன். அதில் கிள்ளிய இலையில் தலையணை தைத்திருப்பதாகவும் சொன்னேன். சொன்ன பொய்க்கு வினை வராமல் போகுமா? "உங்க வீட்டுலயே இருக்குதே" என்று அக்கா சிதம்பரத்தில் என் பையில் ஒரு பொட்டலம்கூட மறந்து வைக்கவில்லை. என் மனைவி வெறும் வெந்நீரில் ஆவி பிடித்தாள். போர்வைக்குள்ளிருந்து அவள் குரல் வரும்: "உங்க செடி நல்லா வளருது மாமா. எனக்குத்தான் மூச்சு எட்ட மாட்டேங்குது." அவளும் என்னை அக்காவிடம் காட்டிக்கொடுக்கவில்லை. புருஷனைப் பொய்யன் என்று எந்த வாயால் சொல்லுவாள்?

பங்குனியில் போனபோதுதான் கவனித்தேன், அக்கா மாறியிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் ஏதோ கேட்டு வந்தாள். அக்கா முருங்கைக்கீரையை ஒடித்து, இரண்டு கையாலும் அவள் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. குழந்தை வேடிக்கை பார்ப்பது போல அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தார். அவள் போன பிறகு என்னிடம் சொன்னார்:

"கை நீட்டற மூஞ்சிய இங்க வந்தப்புறம் ஒரு நாள் பாத்தேன். அவ்வளவு கஷ்டமா இல்ல டெய்லரே. நல்லாத்தான் இருக்குது. நான்தான் இத்தனை வருசமா பயந்து கெடந்தேன். நீங்க மட்டும் அடம் புடிக்கலன்னா எனக்கு இது தெரியாமலே போயிருக்கும்."

உள்ளேயிருந்து மருமகள், "அத்தை இப்பல்லாம் வாசல்ல ஒண்ணும் வெக்கறதில்லண்ணே, வீடு வீடா எடுத்துட்டுப் போறாங்க" என்றாள்.

சித்திரையில் செடியைப் பிரித்துக்கொண்டிருந்தார். தெருவில் எட்டு வீட்டுக்காரர்கள் கேட்டிருக்கிறார்களாம். ஒரு வீட்டில் மாமியாருக்கு இழுப்பு, ஒரு வீட்டில் பையனுக்கு ஓயாத சளி. பீப்பாயிலிருந்த புதரை வேரோடு எடுத்து, எட்டாகப் பங்கிட்டு, நடுத்தண்டு ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டார். முன்பெல்லாம் கோடையில் இலை கிள்ளவே யோசிக்கிறவர். மழைக்கு அப்புறம் செய்யுங்கள் அக்கா என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. சொன்னால், உங்களுடையது தையில் வைத்துத் தழைக்கவில்லையா என்று கேட்பார். "நல்ல காரியம் அக்கா" என்றேன்.

வைகாசி நடுவில் ஒரு கார்டு வந்தது. மருமகள் கையெழுத்து. கடை வாசலில் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். எட்டு வீட்டுச் செடியும் கருகிவிட்டது. நடுத்தண்டும் அக்னி நட்சத்திரம் தாங்கவில்லை. "உங்கள் வீட்டில் இருப்பதுதான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை அத்தை வருகிறார்கள். கதவைத் திறந்து வைக்கச் சொன்னார்கள். நீங்கள் வீட்டில் இருந்தாலும் பரவாயில்லையாம், அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டால் போதுமாம்."

அந்த நான்கு நாள் நான் தைத்த துணியெல்லாம் பிரித்துத் தைத்தவைதான். திருப்பாதிரிப்புலியூரில் நாட்டு மருந்துக் கடை கடையாக ஏறினேன். காய்ந்த இலை இருந்தது, உயிருள்ள கன்று எங்கே இருக்கும்? ஒரு பஸ்ஸைப் பிடித்துச் சேர்வராயன் மலைக்கே போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். "போவீங்க" என்றாள் மனைவி. "நெசத்தைச் சொல்ல மட்டும் ஓ.டி.யிலேர்ந்து பஸ் கெடையாது உங்களுக்கு."

ஞாயிறு முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். கையில் மஞ்சள் பை. பைக்குள்ளிருந்து ஈரச் சாக்கு சொட்டிக்கொண்டிருந்தது. வெயிலில் கறுத்திருந்தார், ஆனால் முகத்தில் பழைய குறும்பு.

"திருட வந்திருக்கேன். டெய்லர் அந்தப் பக்கம் திரும்புங்க."

நான் நிலையை மறித்து நின்றேன். "இல்லக்கா."

"திரும்ப மாட்டீங்களா? இன்னும் அந்த வீம்பு போவலையா?"

"செடி இல்லக்கா. பதினெட்டாம் நாளே போயிடுச்சு."

அக்கா சிரிப்பை உடனே எடுக்கவில்லை. எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி முகத்திலேயே வைத்திருந்தார்.

"தளிர் விட்டுச்சுன்னீங்க."

"இல்லக்கா."

"தலையணை?"

என் மனைவி உள்ளேயிருந்து, "வெறும் பஞ்சுதான் அக்கா" என்றாள்.

அவர் என்னை விலக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார். எங்கே வைத்தீர்கள் என்று கேட்டார். காட்டினேன். குந்தி உட்கார்ந்து மண்ணைக் கிளறினார். மேலே உப்புப் பூத்தது போல வெள்ளையாக ஒரு படை. விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். எழுந்து கிணற்றில் ஒரு வாளி சேந்தி, கையில் அள்ளிக் குடித்துத் துப்பினார்.

"இதையா ஊத்தினீங்க?"

"ஓ.டி. கெணறு எல்லாமே இப்படித்தான் அக்கா. குடிதண்ணி தூரத்துலேர்ந்து எடுத்துட்டு வருவோம்."

"எங்க தெருவுல அடிபம்பும் உப்புத்தான்" என்றார் மெதுவாக. "நான் குடிக்கற தண்ணியில அரிசி கழுவி, அதைத்தான் ஊத்துவேன். அந்த எட்டுப் பேரும் பம்பு தண்ணி ஊத்தியிருப்பாங்க. நான் சொல்லல. எனக்குத் தெரியல. செம்மண்டலத்துக் கெணறு இனிப்பு. மலையில மழைதான். உப்பு இதுக்கு ஆவாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஈரச் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு கிணற்று மேடையில் உட்கார்ந்தார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"குடுத்ததால சாவல. அது இப்பத் தெரியுது. மாசியில கேட்டனே டெய்லரே, உசிரோட இருக்குதான்னு. செத்துப்போச்சுன்னு சொல்லியிருந்தீங்கன்னா, எந்தத் தண்ணி ஊத்தினீங்கன்னு அடுத்த வார்த்தை கேட்டிருப்பேன்."

என் மனைவி காப்பி கொண்டுவந்தாள். அக்கா அதை வாங்கிக் குடித்தார். அவள் மார்பில் கை வைத்துப் பார்த்து, இத்தனை மாதம் இலை இல்லாமல் எப்படியம்மா இருந்தாய் என்று அவளைத்தான் கேட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னோம், இருக்கவில்லை.

பஸ் ஏற்றிவிடக் கூடவே நடந்தேன். சாக்கை நான் வாங்கிக்கொள்ளப் போனேன், தரவில்லை.  சிதம்பரம் பஸ் வந்து நின்றதும் சொன்னார்.

"இன்னிக்கே அந்த எட்டு வீட்டுக்கும் போவணும். ஒவ்வொருத்தியும் தனக்குக் கைராசி இல்லன்னு நெனச்சிட்டு இருக்கா. ஒருத்தி என் காலைப் புடிச்சிட்டு அழுதா, நீ குடுத்ததை நான் சாவ அடிச்சிட்டேன்னு. தண்ணிதான்னு சொல்லணும்."

"நானும் கூட வரட்டுமா அக்கா?"

படியில் ஒரு கால் வைத்தபடி திரும்பிப் பார்த்தார். குத்திக் காட்டுகிற பார்வை இல்லை அது. நிஜமாகவே யோசித்துத்தான் கேட்டார்:

"வந்து நீங்க என்ன சொல்லுவீங்க?"

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் போய்விட்டது.